கார்பனின் கைகோப்பு

ஒரு கயிற்றால் கட்டிய மூட்டையைவிட இரு கயிறுகளால் கட்டிய மூட்டை உறுதியானது என்பது நம் பட்டறிவு. அவ்வாறாயின், இரட்டைப் பிணைப்புடைய எத்திலீன், ஒற்றைப் பிணைப்புடைய ஈத்தேனைக் காட்டிலும் எளிதில் வினைபுரியாதிருக்க வேண்டுமன்றோ? சோதனைக் குழாய் வேறு விடை தருகிறது. இருட்டில் வைத்த புரோமின் நீரில் ஈத்தேனைச் செலுத்தினால் நிறம் மாறுவதில்லை. எத்திலீனைச் செலுத்தினாலோ செம்பழுப்பு நிறம் மறைந்துவிடுகிறது. இம்முரண்பாட்டின் விடை மூலக்கூறின் வடிவத்தில் உள்ளது.

நான்கு கைகள்

கார்பனின் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள் உள்ளன. மீத்தேனில் அவை நான்கு ஹைட்ரஜன் அணுக்களுடன் சகப்பிணைப்பு கொள்கின்றன. இந்நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் முனைகளை நோக்கி அமைகின்றன என்னும் கருத்தை 1874இல் வாண்ட் ஹாஃப், லெ பெல் ஆகிய இருவரும் தனித்தனியே வெளியிட்டனர். பிணைப்புகளுக்கு இடைப்பட்ட கோணம் 109.5 பாகை. ஈத்தேனிலும் ஏறத்தாழ இதே அமைப்புத்தான். அதன் இரு கார்பன்களும் 1.54 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில், அணுக்களை இணைக்கும் நேர்கோட்டிலேயே அமைந்த சிக்மா பிணைப்பால் இணைந்துள்ளன.

இரண்டாம் பிணைப்பின் இயல்பு

எத்திலீனில் ஆறு அணுக்களும் ஒரே தளத்தில் அமைகின்றன. கார்பன்களுக்கிடையே ஒரு சிக்மா பிணைப்பும், தளத்தின் மேலும் கீழும் பரவிய ஒரு பை பிணைப்பும் உண்டு. இடைவெளி 1.34 ஆங்ஸ்ட்ராமாகக் குறைகிறது. ஒரு மோலுக்கு ஒற்றைப் பிணைப்பின் ஆற்றல் சுமார் 348 கிலோஜூல். இரட்டைப் பிணைப்பினது சுமார் 612. இருமடங்காகிய 696ஐ அது எட்டவில்லை. எனவே இரண்டாம் பிணைப்பின் பங்கு சுமார் 264 மட்டுமே. புரோமின் உடைப்பது இந்த மெலிந்த பிணைப்பைத்தான். சிக்மா உடையாமல் நிற்கிறது. மொத்த வலிமை வேறு, வினைபுரியும் இயல்பு வேறு என்பது இதனால் தெளிவாகும்.

அசிட்டிலீனில் ஒரு சிக்மாவும் இரு பை பிணைப்புகளும் உள்ளன. அணுக்கள் நேர்கோட்டில் நிற்கின்றன. கார்பன்களின் இடைவெளி 1.20 ஆங்ஸ்ட்ராம்.

சந்தையில் ஒரு பாடம்

காய் கனிவதற்குத் தாவரமே எத்திலீனைச் சுரக்கிறது. தாவர உயிரணுவின் ஏற்பிப் புரதத்திலுள்ள செப்பு அயனி, எத்திலீனின் பை எலக்ட்ரான்களைப் பற்றிக்கொள்ளும்போதே கனியும் செய்தி உள்ளே செல்கிறது. பை பிணைப்பற்ற ஈத்தேனால் இது இயலாது. அசிட்டிலீனால் ஓரளவு இயலும். கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வெளிப்படும். அதனைக் கொண்டே மாம்பழங்களைப் பழுக்க வைக்கும் தீய வழக்கம் தோன்றியது. அக்கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள் மாசாகக் கலந்திருப்பதால் இந்திய உணவுச் சட்டம் இம்முறையைத் தடை செய்துள்ளது. பத்து இலட்சத்தில் 100 பங்கு வரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த இசைவு உண்டு.

மாணவ நண்பர்களே! வாய்பாட்டை மனப்பாடம் செய்வதோடு அமையாது, அதன் பின்னுள்ள வடிவத்தையும் காணப் பழகுவோம். கரும்பலகையில் நாம் இடும் இரட்டைக் கோட்டின் பொருள், நம் வீட்டுப் பழக்கூடை வரை வந்து நிற்கிறது.