பழத்தின் இனிப்பும் தேநீரின் சீனியும்

நீரிழிவு வந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் விலக்கப்படுவது பழம். அது சரிதானா?

பழங்களிலுள்ள காபோவைதரேற்றின் அளவு ஒன்றுக்கொன்று வேறுபடும். 100 கிராம் ஸ்ட்ரோபெரியில் ஏறக்குறைய 8 கிராம், கொய்யாவில் 14, வாழைப்பழத்தில் 23, உலர்ந்த பேரீச்சம்பழத்தில் 75 கிராம் உண்டு. நீர் வற்ற வற்ற இனிப்புச் செறியும். முழுப்பழத்தின் நார்ச்சத்து, சீனி இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். சாற்றை வடிகட்டினால் அந்த நன்மை குறைந்துவிடும்.

இனி, மலையகத்தின் தேநீரைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம். இரண்டு கரண்டி இட்ட ஒரு கோப்பையில், 100 கிராம் ஸ்ட்ரோபெரியில் உள்ள அளவு காபோவைதரேற்று இருக்கிறது; நார்ச்சத்தோ இல்லை. நாளுக்கு நான்கு கோப்பை என்றால் 32 கிராம்!

மாணவியரே, உம்மா வாப்பாவுக்குப் பழத்தை மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். குறைக்க வேண்டியது முதலில் கோப்பையிலுள்ள சீனியை.