கரண்ட் போனால் எது நிற்கக் கூடாது?

கடைக்கோ பட்டறைக்கோ இன்வெர்ட்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "எத்தனை கே.வி.ஏ. போடலாம்?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். விற்பவரும் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். அதற்கு முன்பே நீங்கள் ஒரு தாளில் எழுதி வைத்திருக்க வேண்டியவை இரண்டு. கரண்ட் போனால் எது நிற்கவே கூடாது? அது எவ்வளவு நேரம் ஓடினால் போதும்? இந்தத் தாள் கையில் இல்லாமல் விலை கேட்கப் போகாதீர்கள்.

ஒரு மருந்துக் கடையை எடுத்துக்கொள்வோம். இன்சுலினும் பெரும்பாலான தடுப்பூசிகளும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அதனால் அங்கே முதலிடம் ஃபிரிட்ஜுக்கு. அடுத்து பில் போடும் கம்ப்யூட்டர், மோடம், இரண்டு விளக்கு, ஒரு ஃபேன். எல்லாம் சேர்ந்தும் ஏறக்குறைய 450 வாட்தான் வரும். இதில் ஒரு 1.5 டன் ஏ.சி.யைச் சேர்த்தால் அது மட்டுமே சுமார் 1,500 வாட் இழுக்கும். செலவு எங்கே ஏறுகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். ஏ.சி. இல்லாமல் அரை நாள் ஓட்டலாம். கெட்டுப்போன இன்சுலினை யாருக்கும் கொடுக்க முடியாது.

மின்தடையும் ஒரே வகையானதல்ல. கண் இமைக்கும் நேரம் போய்விட்டு வருவது ஒன்று. பராமரிப்புப் பணிக்காக முன்கூட்டியே அறிவித்து, காலை 9 மணிக்கு நிறுத்தி மதியமோ மாலையோ கொடுப்பது இன்னொன்று. 2016 டிசம்பரில் சென்னையை வர்தா புயலும், 2018 நவம்பரில் டெல்டா மாவட்டங்களைக் கஜா புயலும் தாக்கியபோது வந்தது மூன்றாவது வகை. அது நாள் கணக்கில், சில ஊர்களில் வாரக் கணக்கில் நீண்டது. முதலாவதற்கு யு.பி.எஸ்., இரண்டாவதற்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும், மூன்றாவதற்கு ஜெனரேட்டர். ஒன்றை வாங்கி மூன்றுக்கும் ஈடுகொடுக்கலாம் என்று நினைக்கும்போதுதான் பணம் வீணாகிறது.

யு.பி.எஸ். பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பில் கம்ப்யூட்டருக்குச் சாதாரண யு.பி.எஸ். போதும். அது பேட்டரிக்கு மாற எடுக்கும் சில மில்லி விநாடிகளைக் கம்ப்யூட்டர் தாங்கிக்கொள்ளும். ரத்தப் பரிசோதனைக் கருவி, சர்வர், சி.என்.சி. இயந்திரத்தின் கன்ட்ரோலர் ஆகியவற்றுக்கு ஆன்லைன் யு.பி.எஸ். போடுங்கள். அதில் மாறும் இடைவெளியே கிடையாது. லேசர் பிரின்டரை மட்டும் எந்தச் சின்ன யு.பி.எஸ்.ஸிலும் செருகாதீர்கள். அதற்குள் இருக்கும் ஹீட்டர் திடீரென்று லோடை ஏற்றிவிடும்.

பேட்டரிக் கணக்கைக் கடைக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரி என்றால் இரண்டையும் பெருக்குங்கள்: 1,800 வாட் மணி. அது முழுவதும் கைக்கு வராது. இன்வெர்ட்டரிலேயே கொஞ்சம் போகும், பேட்டரியை அடிவரை காலி செய்யவும் கூடாது. சுமார் 60 சதவீதம், அதாவது 1,100 வாட் மணி கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மருந்துக் கடையின் 450 வாட்டுக்கு அது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் வரும். ஐந்து மணி நேர ஷட் டவுனைத் தாண்ட இரண்டு பேட்டரி வேண்டும். ஒரே பேட்டரியைப் போட்டுவிட்டு இன்வெர்ட்டரை மட்டும் பெரிதாக வாங்குவதால் ஒரு நிமிடம்கூடக் கூடாது. வாங்குவது சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் ஃபேன் உறுமும், ஃபிரிட்ஜ் மோட்டார் சூடேறும்.

லித்தியம் பேட்டரி போடலாமா என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏறி இறங்கத் தாங்கும், விலை அதிகம். தினமும் கரண்ட் போகும் இடத்தில் அந்த விலை திரும்பக் கிடைத்துவிடும். மாதம் ஒருநாள் ஷட் டவுன் மட்டுமே உள்ள கடைக்கு டியூபுலர் ஈயப் பேட்டரியே போதும் என்பது என் கருத்து. லித்தியம்தான் வேண்டுமென்றால் அதற்கான இன்வெர்ட்டரையும் சேர்த்து வாங்குங்கள். பழைய இன்வெர்ட்டரில் அப்படியே மாட்டக் கூடாது.

மோட்டார் ஓடும் இடங்களில் கணக்கே வேறு. நேராக ஸ்டார்ட் செய்யும்போது மோட்டார் வழக்கத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு கரண்ட் இழுக்கும். 5 ஹெச்.பி. மோட்டார் ஓடுவதற்கு நான்கு கிலோவாட் அளவு போதுமே என்று 5 கே.வி.ஏ. ஜெனரேட்டரை வாங்கினால் அது ஸ்டார்ட்டிங்கிலேயே திணறி நின்றுவிடும். ஜெனரேட்டரில் எழுதியிருக்கும் கே.வி.ஏ.வை 0.8ஆல் பெருக்கினால் வருவதுதான் அது தரும் கிலோவாட் என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய மோட்டாரை முதலில் ஸ்டார்ட் செய்து, மற்றவற்றை ஒவ்வொன்றாக ஏற்றினால் சற்றுச் சிறிய ஜெனரேட்டரே சமாளிக்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரும் உதவும்.

"பின்னால் ஆகும், பெரிதாகவே வாங்கி வைப்போம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டீசல் இன்ஜின் அதன் திறனில் 30 சதவீதத்துக்கும் குறைவான லோடில் வெகுநேரம் ஓடக் கூடாது. எரியாத டீசலும் கரியும் சைலென்ஸரில் படியும், இன்ஜின் ஆயுள் குறையும். செலவையும் பாருங்கள். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3 முதல் 3.5 யூனிட் வரும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலே யூனிட்டுக்கு 26 முதல் 30 ரூபாய். தாளில் எழுதியது மட்டும்தான் ஜெனரேட்டரில் ஓட வேண்டும் என்பது இதனால்தான். பழைய ஜெனரேட்டர் மலிவாகக் கிடைக்கிறதென்றால், மாசுக் கட்டுப்பாட்டு விதிகளை முதலில் விசாரியுங்கள். 2023 ஜூலை 1 முதல் புதிய ஜெனரேட்டர்களுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடுமையான புகை வரம்புகள் அமலில் உள்ளன.

மாடியில் சோலார் இருக்கிறதே, கவலையில்லை என்று நம்புகிறவர்களும் உண்டு. மின்வாரிய இணைப்போடு சேர்ந்து ஓடும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர், கரண்ட் போன அடுத்த கணமே தானும் நின்றுவிடும். உச்சி வெயிலிலும் ஒரு விளக்கு எரியாது. பேட்டரியோடு இணைந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போட்டால்தான் மின்தடையில் சோலார் உதவும். சாதாரண சோலார் இன்வெர்ட்டர் அப்படி நிற்பது லைன்மேனின் உயிருக்காக.

ஜெனரேட்டர் விஷயத்தில் அந்தப் பாதுகாப்பை நாம்தான் செய்தாக வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஜெனரேட்டர் ஒயரை ஏதோ ஒரு பிளக்கில் செருகி வீடு முழுக்க ஓட்டுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒருநாள் யாராவது மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் தெருக் கம்பிக்கு ஏறும். டிரான்ஸ்ஃபார்மர் வழியே திரும்பிப் போகும்போது அது ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயரும். சப்ளை இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் உயிரிழப்பார். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் சேரவே முடியாத சேஞ்ச்ஓவர் சுவிட்சை, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு போடுங்கள். இதில் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். ஜெனரேட்டருக்குத் தனி எர்த்திங்கும் கட்டாயம். பெரிய ஜெனரேட்டர் என்றால் மின் ஆய்வாளர் அலுவலகத்தில் என்ன ஒப்புதல் தேவை என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வைக்கும் இடம் அடுத்தது. ஷட்டர் இறக்கிய கடைக்குள் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரைக்கூட ஓட்டக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமில்லை, உள்ளே இருப்பவருக்கு மயக்கம் வருவதே தெரியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் அடித்தளத்தில் இருந்த ஜெனரேட்டர்கள் மூழ்கின. தெரு மட்டத்துக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள். பேட்டரிக்குத் தகரக் கூரை அறை ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஈயப் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் காற்றோட்டமும் வேண்டும். பூஜை விளக்கை அதன் அருகே ஏற்றாதீர்கள்.

இத்தனையும் சரியாகச் செய்த நிறுவனங்களிலும் தேவைப்படும் நாளில் ஜெனரேட்டர் கிளம்பாமல் போகிறது. பெரும்பாலும் காரணம் இன்ஜினல்ல, செல்ஃப் எடுக்கும் சின்ன பேட்டரி. மாதக் கணக்கில் யாரும் தொடாததால் அது இறங்கிக் கிடக்கும். இதற்கு ஒரே வழி, பொறுப்பை ஒருவர் பெயரில் ஒப்படைப்பது. "எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். அவருக்கு ஒரு நோட்டும் டார்ச்சும் கொடுங்கள், அந்த வேலைக்கு நேரமும் ஒதுக்குங்கள். அவர் விடுப்பில் போனால் அடுத்தது யார் என்பதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

அவர் செய்ய வேண்டியது கடினமில்லை. மாதம் ஒருமுறை டியூபுலர் பேட்டரியின் மிதவையைப் பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். ஆசிட் கூடாது, குழாய்த் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் கூடாது. டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை உப்பை வெந்நீரால் கழுவித் துடைத்து, நட்டை இறுக்கி, வாஸ்லின் தடவ வேண்டும். இதைச் செய்யும் முன் இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். ஜெனரேட்டரின் ஆயில், கூலன்ட், பெல்ட், ஏர் ஃபில்டர் ஆகியவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஆயில் மாற்றுவது கம்பெனிப் புத்தகத்தில் உள்ள மணிக்கணக்குப்படி. ஓடவே இல்லையென்றாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். டீசலும் டேங்கில் கிடந்தே கெடும், ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

சோதனை ஓட்டத்தை லோடோடு செய்யுங்கள். வெறுமனே ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவதால் எதுவும் தெரியாது. கடை நடக்கும் நேரத்திலேயே மெயினை அணைத்து அரை மணி நேரம் பாருங்கள். எது டிரிப் ஆகிறது, எந்தக் கவுன்டரை லைனில் சேர்க்க மறந்திருக்கிறோம் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். வருட ஒப்பந்தம் போட்டிருந்தால் அதில் பேட்டரி சேர்த்தியா, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஆள் வருவாரா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பேட்டரி தளர்ந்துவிட்டால் அதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். உள்ளே இருப்பது ஈயமும் ஆசிடும். சாக்கடையில் கொட்டி உடைத்தால் அந்தத் தெருவின் நிலத்தடி நீருக்கும் குழந்தைகளுக்கும் கேடு. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள், விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.