கன்னியரின் கூடையும் கணக்குப் புத்தகமும்



மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் சம்பள நாள் என்று வைத்துக்கொள்வோம். சேமலாப நிதி, சங்கச் சந்தா, முற்பணம் எல்லாம் கழிந்து மிஞ்சியதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய் கடைக் கடனை எண்ணிக்கொண்டிருக்கிறாள். அந்நேரம் லயத்து வாசலில் இரண்டு கன்னியர் வந்து நின்று, முதியோர் இல்லத்துக்கு உதவி கேட்கிறார்கள். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபா கொடுக்கிறாள். சிஸ்டர்மார் அடுத்த காம்பராவுக்குப் போனதும் பக்கத்து வீட்டுப் பெண் கேட்கிறாள்: "அவங்களுக்கு என்னக்கா கொறை? வெளிநாட்டுக் காசு வருதுதானே. நீங்க குடுத்தது எங்க போகுதுன்னு தெரியுமா?"

இக்கேள்வியைக் கேட்டதும் நம்மிற் சிலர் கோபிக்கிறோம். சிலர் கொடுப்பதையே நிறுத்திவிடுகிறோம். இரண்டும் சரியன்று. கேள்வி நியாயமானது. அதற்கு விடை அறிந்திருப்பது கத்தோலிக்கக் குடும்பங்களின் கடமை. ஆகவே இவ்வாரம் இதையே படிப்போம்.

கன்னியரின் காசு யாருடையது?

துறவற சபையிற் சேரும் பெண் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுக்கிறாள். அதன் பொருளை 1983இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் அவள் தன் சொத்தின் நிருவாகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாகும் மரணசாசனம் எழுத வேண்டும். அதன்பின் ஆசிரியையாகவோ தாதியாகவோ உழைத்துப் பெறும் சம்பளமும் ஓய்வூதியமும் அவளுடையவை அல்ல. சபைக்கே சேரும் (சட்டம் 668).

ஆனால் சபை சொத்து வைத்திருக்கலாம். நோயாளிக்கு மருந்து வேண்டும், அநாதைப் பிள்ளைக்குச் சோறு வேண்டும், முதுமையடைந்த கன்னியருக்குப் பராமரிப்பும் வேண்டும். கட்டடமும் வங்கிக் கணக்கும் இல்லாமல் இவை நடவா. எனினும் ஆடம்பரத்தின் சாயலும், மிதமிஞ்சிய இலாபமும், சொத்துக் குவிப்பும் கூடாதென்று 634ஆம் சட்டம் தடுக்கிறது. சபைகள் தங்கள் சொத்திலிருந்தே ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டுமென்று 640ஆம் சட்டம் கேட்கிறது.

கூடை பிறந்த கதை

கன்னியர் ஏன் வீடு வீடாக வருகிறார்கள்? பிரான்சு நாட்டின் பிரித்தானிப் பகுதியில் 1792இல் ஜீன் ஜுகான் என்னும் பெண் பிறந்தாள். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவன். அவள் பிறர் வீட்டில் சமையல் வேலை செய்து பிழைத்தவள். 1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பார்வையிழந்த ஒரு கிழவியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் பரணிற் படுத்தாள். பின்னர் இன்னும் பலர் வந்தனர். முன்பு தெருவிற் பிச்சையெடுத்த அம்முதியவர்களுக்குப் பதிலாக அவளே கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். இவ்வாறு பிறந்ததே வறியோரின் சிறிய சகோதரிகள் சபை. 19ஆம் நூற்றாண்டு முடியுமுன்னரே இச்சபை கொழும்புக்கும் வந்தது.

1865இல் இச்சபை ஒரு துணிவான முடிவு செய்தது. நிரந்தர வருமானம் தரும் எந்தச் சொத்தையும் ஏற்பதில்லை. தேவ பராமரிப்பையும் மக்களின் அன்றாடத் தருமத்தையும் நம்பியே வாழ்வது என்பதே அம்முடிவு. பல ஆண்டுகளாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஜீன் ஜுகானும் அம்முடிவை ஆதரித்துக் கையொப்பமிட்டார். அவர் 1879இல் இறந்தார். 2009இல் பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

கூடையோடு வருவது வெறும் வசூல் அன்று என்பதை இதிலிருந்து அறிகிறோம். பணக்காரர் ஒருவரின் பெருங்கொடையை மட்டும் நம்பியிருந்தால் ஏழையின் நூறு ரூபாவுக்கு அங்கே இடமிராது. கூடை வருவதால், அந்தத் தாயும் அத்தரும வேலையிற் பங்காளி ஆகிறாள்.

நம்பிக்கை இருக்கக் கணக்கு எதற்கு?

"கடவுளை நம்பி நடத்தும் வேலைக்குக் கணக்கா?" என்று சிலர் கேட்பர். திருச்சபையின் பழக்கம் அதுவன்று. எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை திரட்டிய புனித சின்னப்பர், அதை எடுத்துச் செல்லத் தம்மோடு சபைகளின் நம்பிக்கை பெற்றவர்களையும் சேர்த்துக்கொண்டார். கடவுள் முன் மட்டுமல்ல, மனிதர் முன்னும் பழிக்கு இடமிருக்கக் கூடாதென்பதே காரணம் என்று கொரிந்தியருக்கு எழுதினார்.

இன்றைய சட்டமும் அதே வழியிற் செல்கிறது. சபையின் பொருளாளர் உயர் தலைவியாக இருக்கக் கூடாது. வேறொருவர் இருக்க வேண்டும் (சட்டம் 636). ஒரு நோக்கத்துக்கென்று கொடுத்த காணிக்கையை அந்நோக்கத்துக்கே செலவிட வேண்டும் (1267). விசுவாசிகள் கொடுத்தவற்றுக்கு விசுவாசிகளிடம் கணக்குக் காட்ட வேண்டும் (1287).

மலையில் வாழும் நமக்கு இது புதிதன்று. கொழுந்து நிறுக்கும்போது நாம் தராசு முள்ளைப் பார்க்கிறோம். அப்படிப் பார்ப்பது கணக்கப்பிள்ளையைத் திருடன் என்பதாகாது. நம் உழைப்பை நாம் மதிக்கிறோம் என்பதே அதன் பொருள்.

ஒரு கசப்பான பாடம்

கல்கத்தாவில் 1950இல் அன்னை தெரேசா தொடங்கிய அன்பின் பணியாளர் சபையை அறியாதார் இல்லை. 1964இல் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்த பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் தாம் பயன்படுத்திய மோட்டார் வாகனத்தை அன்னைக்குப் பரிசளித்தார். அன்னை அதை அதிர்ஷ்டச் சீட்டில் விட்டு, வந்த பணத்தைத் தொழுநோயாளர் பணிக்குக் கொடுத்தார்.

அதே சபைக்கு அமெரிக்க வர்த்தகர் சார்ல்ஸ் கீற்றிங் பத்து இலட்சம் டொலருக்கு மேல் நன்கொடை கொடுத்திருந்தார். அவருடைய நிறுவனம் முறிந்தபோது பல்லாயிரம் சிறு சேமிப்பாளர் பணத்தை இழந்தனர். அவர்களிற் பலர் முதியோர். 1992இல் அவருக்கு இரக்கம் காட்டும்படி அன்னை நீதிபதிக்கு எழுதினார். அரச வழக்கறிஞர் ஒருவர் அன்னைக்குப் பதில் எழுதி, அது ஏமாற்றப்பட்ட மக்களின் பணம், திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். தமக்கு மறுமொழி கிடைக்கவில்லை என்றும் கூறினார். கீற்றிங்குக்கு எதிரான தீர்ப்பு பின்னர் மேன்முறையீட்டில் தள்ளப்பட்டாலும், 1999இல் அவரே சில குற்றங்களை ஒப்புக்கொண்டார். சபை தன் கணக்குகளைப் பொதுமக்களுக்கு வெளியிடவில்லை என்ற குறையும் அக்காலத்தில் எழுந்தது.

அன்னையின் எளிய வாழ்வை இது மறைத்துவிடாது. ஆயினும் பாடம் பாடமே. பணம் எங்கே போகிறது என்பதோடு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஏழையிடமிருந்து பறித்ததை மற்றோர் ஏழைக்குக் கொடுப்பதால் அது தருமமாகாது.

வெளிநாட்டுக் காசும் நிலையான ஆதாரமன்று. 2021ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று இந்திய அரசு, இதே சபை வெளிநாட்டு நன்கொடை பெறும் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. 2022 சனவரியில் அனுமதி திரும்பக் கிடைத்தது. ஒரு கடிதத்தால் நிற்கக்கூடிய பணத்தைவிட அயலவரின் கை உறுதியானது.

நாம் செய்யக்கூடியவை

1. கொடுக்கும்போது எதற்கென்று சொல்லிக் கொடுங்கள்: மருந்துக்கு, பிள்ளைகளின் படிப்புக்கு, முதியோர் சாப்பாட்டுக்கு.

2. பற்றுச்சீட்டு கேட்கக் கூச்சப்படாதீர்கள். நல்ல சிஸ்டர் அதற்காக மனம் நோகமாட்டார்.

3. ஐயம் வந்தால் லயத்துத் தொங்கலில் நின்று பேசாமல் சிஸ்டரிடமோ பங்குத் தந்தையிடமோ நேரே கேளுங்கள்.

4. காசில்லாத மாதத்தில் ஒரு பிடி அரிசியோ, தோட்டத்து மரக்கறியோ, முதியவர் ஒருவருக்கு அரைநாள் துணையோ கொடுக்கலாம்.

நம் அருட்சகோதரிகளிடமும் தாழ்மையான விண்ணப்பம் ஒன்று உண்டு. ஆண்டுக்கொரு முறை பூசை முடிந்தபின், வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு என்று மக்களுக்கு விளங்கும் தமிழில் வாசித்துவிடுங்கள். பத்து நிமிடம் போதும். அடுத்த சம்பள நாளில் அந்தத் தாய் தன் அயலவளுக்குத் தானே பதில் சொல்லிவிடுவாள்.

மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் வாசியுங்கள். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருந்த இயேசு, ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசைப் புகழ்ந்தார். ஆனால் அதற்குச் சற்று முன்னர்தான், கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரைக் கண்டித்திருந்தார். கொடுப்பவளின் தாராளத்தையும் வாங்குபவரின் நேர்மையையும் அவர் ஒருங்கே பார்க்கிறார். நாமும் அவ்வாறே பார்ப்போமாக.

குடும்பமாகச் சிந்திக்க: கடந்த ஓராண்டில் நம் வீட்டிலிருந்து ஏழைகளுக்கு என்ன சென்றது? அது எதற்குப் பயன்பட்டதென்று நாம் கேட்டோமா? நம் கையிலிருக்கும் சீட்டுப் பணத்துக்கும் மரண உதவிச் சங்கப் பணத்துக்கும் நாம் ஒழுங்காகக் கணக்குக் காட்டுகிறோமா?