மலை ஜீப்புக்கு ஏர் கம்ப்ரசர்

குன்னூர் எஸ்டேட் மண்பாதையில் சேற்றுக்காக டயர் காற்றைக் குறைப்பவர்கள், தார்ச்சாலை ஏறியதும் மறுபடி நிரப்பியே ஆகவேண்டும். குறைந்த காற்றோடு பர்லியார் பக்கம் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது ஆபத்து.

கம்ப்ரசர் வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட '150 பி.எஸ்.ஐ.'யைப் பார்த்து மயங்காதீர்கள்; ஜீப் டயருக்கு அதில் கால்வாசிகூடத் தேவைப்படாது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தரும் என்று கேளுங்கள். சுமார் 2,240 மீட்டர் உயர ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். அதனால் சமவெளியைவிட இங்கே நிரப்ப நேரம் கூடும். சிறிய கம்ப்ரசர் சூடேறி நின்றுவிடும்.

பேட்டரியில் நேராக மாட்டும் கிளிப் உள்ளதே நல்லது. பெரிய கம்ப்ரசரை லைட்டர் சாக்கெட்டில் செருகினால் ஃபியூஸ் போய்விடும். காற்றடிக்கும்போது என்ஜின் ஓடட்டும்.