மேற்கண்மாய் நிறைந்தால்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நாம் வாழும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தவை. மேற்கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க்கண்மாய்க்கு நீர் வரும். ஆகவே மேலூர்க் கண்மாய் நிறைந்தது என்று கேட்டால் கீழூரார் உகப்பர்.

மனிதர் விஷயத்தில் இவ்வறிவு நமக்கு எளிதில் வருவதில்லை. வங்கிப் பணியில் நமக்குப் பின் சேர்ந்தவர் பதவியில் முந்தியபோது, அவரை வாழ்த்த நமக்கு நா எழவில்லை. பதவி போகட்டும், கோஷ்டியில் நமக்குப் பின் சந்தை சொல்லத் தொடங்கியவர் நம்மிலும் அழகாகச் சேவிக்கும்போதும் நெஞ்சு சற்றே சுருங்குகிறதே! இதற்கு மருந்து கந்தாடைத் தோழப்பர் சரித்திரம்.

தோழப்பர் முதலியாண்டான் திருவம்சத்தில் அவதரித்தவர். அக்காலத்தில் திருவரங்கத்தில் நம்பிள்ளையின் காலக்ஷேபத்திற்குப் பெருந்திரள் கூடிற்று. அது பொறாத தோழப்பர், பெருமாள் ஸந்நிதியிலேயே அவரைக் கடுஞ்சொற்களால் பரிபவித்தார். நம்பிள்ளை மறுமொழி கூறாமல் அகன்றார்.

இதைக் கேட்ட தோழப்பரின் தேவியார் கணவரை இடித்துரைத்தார். தவறுணர்ந்த தோழப்பர், மன்னிப்பு வேண்டப் புறப்பட்டு இரவிலே கதவைத் திறந்தார். வாசலில் நம்பிள்ளையே காத்திருந்தார்! முதலியாண்டான் வம்சத்தவர் திருவுள்ளம் கலங்கும்படி தாம் அபசாரப்பட்டதாக எண்ணி, க்ஷமை வேண்ட வந்திருந்தார். அந்த நைச்யத்தில் உருகிய தோழப்பர், இவர் உலகுக்கே ஆசார்யர் என்று தெளிந்து 'லோகாசார்யர்' என்னும் திருநாமம் சாற்றினார். வடக்குத் திருவீதிப்பிள்ளை தம் குமாரருக்கு இத்திருநாமத்தையே இட்டார். அவரே பிள்ளை லோகாசார்யர். மணவாள மாமுனிகளும் உபதேசரத்தினமாலையில் இதனை அருளிச்செய்துள்ளார்.

இங்கு நோக்கவேண்டுவது ஒன்று. தோழப்பர் பொறாமையை உள்ளுக்குள் அடக்கியதோடு நிற்கவில்லை. எப்பெருமை தம் நெஞ்சை உறுத்திற்றோ, அப்பெருமையையே வாயாரச் சொன்னார். அதனால் அவர் சிறுமையுறவில்லை. அவர் சாற்றிய திருநாமம் இன்றளவும் ஸம்ப்ரதாயத்தில் நின்று விளங்குகிறது.

நம்பிள்ளையின் நிறைவும் அவரோடு நின்றதன்று. அவர் அருளிய திருவாய்மொழிப் பொருளை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தினார். அந்த ஈடு முப்பத்தாறாயிரப்படியே இன்றும் நாம் பருகும் மறுகால் நீர்.

இனி ஒருவர் நம்மிலும் நன்கு சேவித்தால், கோஷ்டி கலையுமுன் அவரிடமே சென்று அதைச் சொல்வோம். முதல் முறை நா தயங்கும், ஆயினும் சொல்வோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.