கொற்றவையின் படைகளும் சின்னங்களும்

முன்னுரை

ஆடித் திங்கள் பிறந்துவிட்டால் சேலம் மாநகரின் பேட்டைகள் யாவும் விழாக்கோலம் பூணும். கோட்டை மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டு நிகழ, அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை எனப் பகுதிதோறும் மாரியம்மன் கோயில்கள் பொங்கலுக்கு ஆயத்தமாகும். நெசவுத் தொழிலால் பெயர்பெற்ற அம்மாபேட்டைத் தெருக்களில் வேப்பிலைத் தோரணமும் மஞ்சள் நீரும் நிறைந்திருக்கும். கோயில் முகப்பில் நட்ட சூலத்தின் கூரிய முனையில் எலுமிச்சம்பழம் செருகப்பட்டிருக்கும். அவ்வழியே கல்லூரிக்கு வரும் மாணவர் இக்காட்சியைப் பலமுறை கண்டிருப்பர். ஆயினும், தாயென்று வணங்கப்படும் ஒருத்தியின் கையில் படைக்கலம் எதற்கு என்னும் வினாவை எழுப்பிப் பார்த்தவர் சிலரே.

பெண் தெய்வத்தின் படைகளுக்குப் பொருள் கூறுவோர் பெரும்பாலும் ஒவ்வொரு படையையும் தனித்தனியே எடுத்து, இஃது இதனைக் குறிக்கும் என வரிசைப்படுத்திச் செல்வர். அதனினும் முதன்மையான வினா ஒன்றுண்டு. அப்படையை அவள் கையில் கொடுத்தவர் யார்? எதன்பொருட்டுக் கொடுத்தனர்? இவ்வினாவைத் துணையாகக் கொண்டு தமிழ்ப் போர்த்தெய்வமாகிய கொற்றவையின் கோலத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேவர் அளித்த படைகள்

வடமொழி மரபில் போர்த்தெய்வத்தின் கதையை விரிவாகக் கூறுவது தேவி மாகாத்மியம். இது மார்க்கண்டேய புராணத்தின் ஒரு பகுதியாகும்; 13 அத்தியாயங்களைக் கொண்டது. மகிடாசுரனிடம் தோற்ற தேவர்களின் சினம் ஒளியாக வெளிப்பட்டு, அவ்வொளியனைத்தும் ஒன்றுதிரண்டு பெண்ணுருவாயிற்று என்று அந்நூல் கூறும். அவளுக்குச் சிவன் சூலத்தையும் திருமால் சக்கரத்தையும் வருணன் சங்கையும் பாசத்தையும் கொடுத்தனர். அக்கினி வேலையும், வாயு வில்லையும் அம்பறாத்தூணியையும், இந்திரன் வச்சிரத்தையும் மணியையும், இயமன் தண்டத்தையும், காலன் வாளையும் கேடயத்தையும், இமவான் சிங்க ஊர்தியையும் அளித்தனர்.

இப்படைகளுக்குச் சமயநெறியாளர் தத்துவப் பொருள் கூறுவர். சூலத்தின் மூன்று முனைகள் முக்குணங்கள் என்பர். சக்கரம் காலச் சுழற்சி என்பர். வாள் அறியாமையை அறுக்கும் அறிவு என்பர். பாசம் உயிரைப் பிணிக்கும் கட்டு என்பர். இவ்விளக்கங்கள் வழிபடுவோர்க்குப் பயன் தருவன. எனினும், கதையமைப்பிலேயே ஓர் அடிப்படைப் பொருள் பொதிந்துள்ளது. இப்படைகளுள் எதுவும் அவள் தனக்கெனச் செய்துகொண்டதன்று. தனித்தனியே தோற்றவர்கள் தத்தம் ஆற்றலை ஓரிடத்தில் சேர்த்தனர், அச்சேர்க்கையே வென்றது. ஒரு கொடுமையை ஒழிக்கும்பொருட்டுப் பலர் சேர்ந்து ஒப்படைத்த பொறுப்பின் அடையாளமே அவளுடைய பல கைகள் எனலாம்.

எயினர் அளித்த கோலம்

தமிழ் மரபு வேறு திசையில் தொடங்குகிறது. கொற்றம் என்பது வெற்றி. கொற்றவை வெற்றித் தெய்வம். ஆநிரை கவர்தலாகிய வெட்சியைச் சார்த்திக் கொற்றவை நிலையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் குறிப்பிடுகிறது. ஆகவே அவள் முதற்கண் பாலைநில மறவரின் தெய்வம்.

சிலப்பதிகார மதுரைக் காண்டத்து வேட்டுவ வரி அவள் கோலத்தை நம் கண்முன் நிறுத்துகிறது. மதுரை நோக்கிச் செல்லும் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் ஐயை கோட்டத்தில் இளைப்பாறுகின்றனர். அங்கு எயினர் தம் குலக் குமரி ஒருத்தியைக் கொற்றவையாக ஒப்பனை செய்கின்றனர். குறிய கூந்தலைச் சிறு பாம்பு வடிவிலான நாணால் சுற்றி நெடுமுடியாகக் கட்டுகின்றனர். தோட்டத்தை அழித்த பன்றியின் வளைந்த கொம்பைப் பறித்துப் பிறையாகச் சூட்டுகின்றனர். புலியின் வாயைப் பிளந்து எடுத்த பல்லைத் தாலியாகவும், வரியும் புள்ளியும் கலந்த தோலை மேகலையாகவும் அணிவிக்கின்றனர். கையில் வில்லைக் கொடுத்து, முறுக்குண்ட கொம்புடைய கலைமான்மேல் ஏற்றுகின்றனர். பாவை, கிளி, கானக்கோழி, மயில், பந்து, கழங்கு ஆகியவற்றைக் காணிக்கையாகப் படைக்கின்றனர்.

இங்குத் தேவர் எவரும் வரவில்லை. பன்றிக் கொம்பும் புலிப் பல்லும் எயினர் தம் காட்டில் உயிரைப் பணயம் வைத்து ஈட்டியவை. படைத்த காணிக்கையுள் பந்தும் பாவையும் கழங்கும் சிறுமியரின் விளையாட்டுப் பொருள்களாகும். வில்லேந்திய தெய்வத்தின்முன் விளையாட்டுப் பொருளையும் வைத்த அம்மக்களின் உள்ளம் நம் நெஞ்சைத் தொடுகிறது. அவர்களுக்கு அவள் அஞ்சத்தக்க தலைவி. அதே வேளையில் வீட்டுப் பெண்ணும் ஆவாள்.

ஆயினும் இக்கோலத்திற்கு ஒரு விலையும் இருந்தது. எயினர் வேட்டையும் கொள்ளையும் விடுத்து அறக்குடியினரைப்போல் அடங்கிவிட்டனர். தனக்குரிய கடனைச் செலுத்தாதவரை அவள் வில்லுக்கு வெற்றி தாராள் என்று தெய்வமேறிய சாலினி கூறுகிறாள். அக்கடன் குருதிப் பலி. பகைவரின் ஆநிரையைக் கவர்தலும் அவ்வழிபாட்டோடு பிணைந்தது. வில் யாருக்கு எதிராக வளைகிறது என்னும் வினா அங்கு எழவில்லை. இதனை மறைத்துக் கொற்றவையைப் போற்றுவது ஆய்வு நேர்மையாகாது.

கல்லில் கண்ட இணைப்பு

வேட்டுவ வரியிலேயே இருமரபும் கலந்துள்ளமை நோக்கத்தக்கது. அவள் வாளேந்தி மகிடனை அழித்துக் கலைமான்மேல் நின்றவளாகவும் பாடப்படுகிறாள். எருமையின் கருந்தலைமேல் நின்றவளாகவும், சங்கும் சக்கரமும் ஏந்திச் சிங்கத்தின்மேல் நின்றவளாகவும் பாடப்படுகிறாள்.

இக்கலப்பைப் பல்லவர் கல்லில் வடித்தனர். மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் தேவியின் இருபுறமும் சிங்கமும் மானும் காட்சியளிக்கின்றன. கீழே அடியவர் ஒருவர் தம்மையே பலியிட முனைகிறார். திரௌபதி இரதத்தின் கருவறைச் சுவரிலும் தன் தலையை அரிய முற்படும் அடியவரைக் காணலாம். பிற்காலச் சோழர் எழுச்சியிலும் இத்தெய்வத்திற்கு இடமுண்டு. விசயாலய சோழன் தஞ்சையில் நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்தான் என்பது திருவாலங்காட்டுச் செப்பேடு தரும் செய்தி. 10ஆம் நூற்றாண்டைச் சார்ந்த புள்ளமங்கைக் கோயிலின் வடபுறக் கோட்டத்தில் எருமைத் தலைமேல் நிற்கும் தேவியின் இருமருங்கும் மானும் சிங்கமும் உள்ளன. காலப்போக்கில் கலைமான் மறைந்தது, சிங்கமே நிலைத்தது. எயினர் கொடுத்த ஊர்தி போய், இமவான் கொடுத்த ஊர்தி நின்றது எனலாம். ஒரு சின்னம் மறையும்போது அதனைக் கொடுத்த மக்களும் நினைவிலிருந்து மறைகின்றனர் என்பதற்கு இது சான்றாகும்.

மகிடாசுரமர்த்தினி மண்டபத்தின் போர்க்காட்சி தனிச்சிறப்புடையது. எண்கரங்களுடன் சிங்கத்தின்மேல் அமர்ந்து தேவி வில் வளைக்கிறாள். எருமைத் தலையுடைய அசுரன் பெருங்கதையைப் பற்றியவாறே பின்வாங்குகிறான். அவன் உடலில் வலிமை தெரிகிறது. அவள் முகத்திலோ அமைதி தெரிகிறது. படை ஏந்தியவள் சினத்திற்கு அடிமையாகவில்லை என்பதைச் சிற்பி இவ்வாறு உணர்த்தியுள்ளான்.

சிலம்பென்னும் படை

வேட்டுவ வரியில் மற்றொரு நுட்பமும் உண்டு. தெய்வமேறிய சாலினி, வழிநடையால் வாடி நின்ற கண்ணகியைச் சுட்டி, இவள் கொங்கு நாட்டின் செல்வி, குடமலையை ஆள்பவள் என்று புகழ்கிறாள். இச்சேலமும் நாமக்கல்லும் சேர்ந்த நிலப்பரப்பைக் கொங்கு மண்டலத்தோடு இணைத்துப் பேசும் நமக்கு இவ்விடம் தனி உவகை தருவதாகும். கண்ணகியோ, மூதறிவாட்டி ஏதோ மயங்கிக் கூறுகிறாள் என்று நாணிக் கணவன் முதுகின்பின் ஒதுங்கிப் புன்முறுவல் பூக்கிறாள். அப்பொழுது அவள் கையில் படை ஏதும் இல்லை.

பின்னர்க் கணவனை இழந்து பாண்டியன் வாயிலில் அவள் நிற்கும்போது, வாயிற்காவலன் நடுங்குகிறான். குருதி சோரும் தலையைப் பீடமாகக் கொண்ட, வேலேந்திய கொற்றவையும் அல்லள் இவள் என்று மன்னனிடம் அறிவிக்கிறான். பிடாரியும் காளியும் அல்லள் என்கிறான். தெய்வங்களின் பெயரை அடுக்கி ஒவ்வொன்றாக மறுத்தபின் அவன் கூறும் அடையாளம் ஒன்றே: அவள் கையில் ஒரு சிலம்பு இருக்கிறது.

இளங்கோவடிகளின் பேராற்றல் இங்கு விளங்குகிறது. சூலமும் வேலும் வில்லும் இருந்த இடத்தில் ஒற்றைச் சிலம்பை வைத்தார். அச்சிலம்பு யாரையும் குத்துவதன்று. அஃது ஒரு சான்று. உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது. அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. அவ்வொரு வேறுபாடு பாண்டியனின் தீர்ப்பு தவறென நாட்டியது. மன்னன் தன் பிழையை உணர்ந்து உயிர்துறந்தான். எயினரின் வில் பிறர் ஆநிரைமேல் பாய்ந்தது. கண்ணகியின் சிலம்போ அநீதியின்மேல் மட்டும் பாய்ந்தது. மதுரையை எரியூட்டும்போதும் அறவோர், முதியோர், குழந்தைகள் முதலியோரை விட்டுத் தீயோர் பக்கமே செல்க என்று தீக்கடவுளுக்கு அவள் எல்லை வகுத்தாள். எல்லை அறியாத படை வெறும் கொலைக்கருவியே ஆகும்.

முடிவுரை

தேவி மாகாத்மியத்தில் படை என்பது பலரின் ஆற்றல் ஒன்றுசேர்ந்த பொறுப்பு. வேட்டுவ வரியில் அஃது ஒரு குடியின் வாழ்வும் அச்சமும் கடனும் ஆகும். வழக்குரை காதையில் அதுவே நீதிக்குரிய சான்றாக உயர்கிறது. படைக்குப் பொருள் அதன் இரும்பில் இல்லை. கொடுத்தவர் நோக்கத்திலும் ஏந்தியவர் எல்லையிலும் உள்ளது.

பிற சமயத்தாரின் சின்னத்தைக் காணும்போது அதனை அச்சத்தோடும் நோக்கலாம்; ஏளனத்தோடும் நோக்கலாம். இலக்கியம் பயிலும் மாணவர்க்கு இவ்விரண்டும் தகா. கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தனர் என்று வினவி அறிதலே அவர்க்குரிய நெறி. தம் சமயச் சின்னத்தைப் படையாகத் தூக்கிப் பிறரை அச்சுறுத்த முற்படுவோரிடமும் இதே வினாவை எழுப்புதல் வேண்டும்: இஃது எந்த அநீதிக்கு எதிராக உங்கள் கைக்கு வந்தது?

அடுத்த ஆடியில் அம்மாபேட்டை வழியே செல்லும் மாணவர் அச்சூலத்தைச் சற்றே நின்று நோக்குக. தறியில் நூலோட்டி வாழும் மக்கள் அதன் முனைகளில் எலுமிச்சம்பழத்தைச் செருகியுள்ளனர். தாயின் கையில் கூர்மை இருக்க வேண்டும். அக்கூர்மை தம் பிள்ளைகள்மேல் படவும் கூடாது. எளிய மக்கள் ஏட்டில் எழுதாமல் எழுதிவைத்த உரையாக அதனைக் கொள்ளலாம்.