ஆபீஸில் எம்.வி.பி. (மோஸ்ட் வேல்யுபிள் பிளேயர்) ஆக வேண்டுமா? ஐஸ் ஹாக்கியைப் பாருங்கள்

வருஷம் முழுக்க உழைத்தவருக்கு ஒரு ‘வெரி குட்’. ரிவ்யூ நடக்கும் நேரத்தில் பளிச்சென்று தெரிந்தவருக்கு புரமோஷன். அநியாயம் என்று கேன்டீனில் புலம்பலாம். அல்லது ஆட்டத்தின் விதியைப் படித்துக்கொண்டு இறங்கலாம். இரண்டாவதுதான் புத்திசாலித்தனம்.

அந்த விதியை ஒளிவு மறைவில்லாமல் காட்டும் இடம் அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி. தேசிய சாம்பியன்ஷிப்பில் மிஞ்சும் நான்கு அணிகள் மோதும் கட்டத்துக்கு ‘ஃப்ரோசன் ஃபோர்’ என்று பெயர். அங்கே ஜொலிப்பவருக்கு 1948 முதல் ‘மோஸ்ட் அவுட்ஸ்டாண்டிங் பிளேயர்’ விருது. அதை வாங்கியவர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள 6 பாடங்கள் உண்டு.

1. எந்த விருதுக்கு ஆடுகிறீர்கள் என்று பாருங்கள். முழு சீசனையும் எடை போட்டுத் தருவது ஹோபி பேக்கர் விருது. ஃப்ரோசன் ஃபோர் விருதுக்கு செமி ஃபைனல், ஃபைனல் இரண்டும்தான் மேடை. 2023-ல் ஹோபி பேக்கரை வாங்கியவர் மிஷிகனின் ஆடம் ஃபான்டில்லி. ஆனால் அவர் அணி செமி ஃபைனலில் க்வினிபியாக்கிடம் தோற்றது. ஃபைனலில், ஓவர்டைம் தொடங்கிய 10-வது நொடியில் கோல் விழுந்து மினசோட்டா வீழ்ந்தது. அடித்தவர் க்வினிபியாக்கின் ஜேக்கப் குயிலன். ஃப்ரோசன் ஃபோர் விருதும் அவருக்கே. உங்கள் ஆபீஸிலும் கேளுங்கள்: மார்க் போடுவது யார், எந்தக் காலத்துக்கு, எதை வைத்து? இதற்கு விடை தெரியாமல் ராத்திரி 10 மணி வரை உட்கார்ந்திருப்பது வீண்.

2. ஜெயிக்கிற ப்ராஜெக்டில் இருங்கள். 1948-ல் கோப்பை மிஷிகனுக்குப் போனது. விருது தோற்ற டார்ட்மவுத்தின் ஜோ ரைலிக்குக் கிடைத்தது. அந்தக் காலம் மலையேறிவிட்டது. இந்த நூற்றாண்டில் விருது சாம்பியன் அணியைத் தாண்டிப் போனதில்லை. மூழ்கும் ப்ராஜெக்டில் நீங்கள் ஹீரோவாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் ‘ஃபெயில்’ என்றுதான் வரும். ஒரு டீமில் சேருமுன் பட்ஜெட் யார் கையில், மேலிடத்தில் ஆதரவு யார் என்று விசாரியுங்கள். இது சுயநலம்தான். தப்பில்லை.

3. கடைசி பீரியடுக்குத் தெம்பு வையுங்கள். ஹாக்கியில் 20 நிமிடம் வீதம் 3 பீரியட். 1993 ஃபைனலில் லேக் சுபீரியர் ஸ்டேட்டிடம் மெய்ன் அணி 4-2 என்று பின்தங்கியிருந்தது. மூன்றாவது பீரியடில் மெய்ன் கேப்டன் ஜிம் மான்ட்கோமெரி 3 கோல் அடித்தார். 5-4, கோப்பை, விருது. குவார்ட்டரின் முதல் மாதத்திலேயே எரிந்து தீர்ந்துவிடாதீர்கள். டெமோ, கிளையன்ட் விசிட், இயர் எண்ட் க்ளோசிங்: காலண்டரில் இவற்றைக் குறித்துவிட்டு, அந்த வாரங்களில் வேறு எதையும் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

4. பாஸ் தருபவரைப் பிடியுங்கள். மான்ட்கோமெரியின் அந்த 3 கோலுக்கும் பாஸ் கொடுத்தவர் பால் கரியா. அந்த வருஷ ஹோபி பேக்கரே அவர்தான். டீமில் உங்களைவிடத் திறமைசாலி இருந்தால் பொறாமைப்பட்டு நேரத்தைக் கரைக்காதீர்கள். அவர் பாஸ் வந்து சேரும் இடத்தில் நில்லுங்கள். அவர் பெயரை மீட்டிங்கில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த பாஸும் உங்களுக்கே வரும்.

5. கோல் அடிக்காத வேலையா? எண்ணைக் காட்டுங்கள். 2014-ல் விருது வாங்கிய ஷேன் காஸ்டிஸ்பேர் ஒரு டிஃபன்ஸ்மேன். அப்போது விளையாட்டு ஸ்காலர்ஷிப் தராமல் இருந்த யூனியன் என்ற சின்னக் கல்லூரிக்காரர். மினசோட்டாவை 7-4 என வென்ற ஃபைனலில் அவர் அடித்தது 1 கோல்தான். ஆனால் அவர் கணக்கு பிளஸ் 7. அவர் களத்தில் நின்றபோது விழுந்த கோல்களில் வரவு செலவு போக அணிக்கு லாபம் 7. 2024 ஃபைனலில் டென்வர் கோல்கீப்பர் மாட் டேவிஸ் 35 ஷாட்டைத் தடுத்தார். பாஸ்டன் காலேஜ் 2-0 எனத் தோற்றது. டெஸ்டிங், சப்போர்ட், அக்கவுண்ட்ஸ் ஆட்களே, உங்களுக்கும் இதே வழி. பிடித்த பக் எத்தனை, தவிர்த்த பெனால்டி எவ்வளவு, மிச்சமான மணிநேரம் எத்தனை? மாதாமாதம் ஒரு ஷீட்டில் ஏற்றுங்கள். நீங்கள் எண்ணாததை மேனேஜர் எண்ணப் போவதில்லை.

6. ஷீல்டை நம்பி உட்காராதீர்கள். மான்ட்கோமெரி பிறகு கோச் ஆனார். 2017-ல் டென்வருக்குக் கோப்பை வாங்கித் தந்தார். அந்த ஃபைனலில் அவருடைய வீரர் ஜாரிட் லுகோசெவிசியஸ் ஹாட்ரிக் அடித்து விருது பெற்றார். ஃபைனலில் ஹாட்ரிக் என்பது 1993-க்குப் பிறகு அதுவே முதல் முறை. 2023-ல், பாஸ்டன் ப்ரூயின்ஸ் கோச்சாக இருந்த மான்ட்கோமெரிதான் தொழில்முறை லீகான என்.எச்.எல்.-இன் சிறந்த கோச். 2024 நவம்பரில் அதே ப்ரூயின்ஸ் அவரை நீக்கியது. சில நாட்களிலேயே செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அழைத்துக்கொண்டது. ஏற்கெனவே அங்கே அசிஸ்டென்ட் கோச்சாக இருந்தவர் அவர்.

ஆக, வேலையை விடும்போது கதவை அறைந்து சாத்தாதீர்கள். பழைய மேனேஜர்களில் மூவருக்கு இந்த வாரமே ஒரு மெசேஜ் போடுங்கள். உதவி கேட்டு அல்ல, நலம் விசாரித்து. உதவி கேட்கும் நாள் தனியாக வரும்.